தறியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்

காஞ்சித் தறிகளின் கதை – 14

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான சித்திரத்தைத்தான் தீட்டுகிறார்கள். கைலாசநாதர் கோயில் எழும்பிய நாளிலிருந்து இன்றைய பட்டுக்கடை விளம்பரம் வரை இந்தத் தெருக்களில் தறிச் சத்தம் ஓயவே இல்லை என்பது போல. நடுவே வரும் வெளியேற்றங்களை ஒற்றை வரியில் தள்ளிவிடுவார்கள். வரி தாங்காமல் கொஞ்சம் பேர் போனார்கள், படை வந்ததால் ஊர் பாழானது, பஞ்சத்தில் சனம் சிதறியது, பிறகு எல்லாம் சரியாயிற்று. இந்தப் பகுதியில் அந்த ஒற்றை வரிகளைத்தான் விரித்துப் பார்க்கப் போகிறோம். ஊரை விட்டுப் போவதற்கும் அரசியல் கொந்தளிப்புக்கும் என்ன உறவு? இன்று துனிசியாவையும் ஏமனையும் முன்வைத்து அறிஞர்கள் வாதிடும் இந்தக் கேள்விக்குக் காஞ்சியின் தறிகாரர்கள் பல நூற்றாண்டுகளாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள் சேர்ந்து போனால், திரும்பி வருவதற்கு நிபந்தனை வைத்துவிட்டுப் போனால், அந்தப் புறப்பாடே அரசியல். ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் போனால் விட்டுப்போன ஊர் அடங்கிவிடும். ஆனால் கலகம் தீராது, போய்ச் சேர்ந்த ஊருக்கு இடம் மாறும்.

இதைப் பற்றி உலகில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. அதிருப்தி உள்ளவன் வெளியேறிவிட்டால் ஊரில் அமைதி நிலைக்கும், ஆகவே புலம்பெயர்வு என்பது குக்கர் விசில் போன்றது என்பது ஒன்று. கியூபா தொடங்கி மொராக்கோ வரை பல அரசுகள் இந்த நம்பிக்கையில்தான் அவ்வப்போது கதவைத் திறந்துவிட்டிருக்கின்றன. போனவர்கள் பணமும் செய்தியும் புதுக் கருத்தும் அனுப்பி ஊரைக் கிளறிவிடுகிறார்கள் என்பது மற்றொன்று. 1970இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் இதை ஒரு சிறு நூலில் ஒழுங்குபடுத்தினார். ஒரு நிறுவனமோ அரசோ கெட்டுப்போகும்போது அதில் இருப்பவருக்கு இரண்டு வழி உண்டு, ஒன்று வெளியேறுவது, மற்றது குரல் கொடுப்பது. வெளியேறுவது சுலபமானால் குரல் குறையும் என்றார். ஆனால் 1989இல் கிழக்கு ஜெர்மனி அவர் கணக்கைக் கலைத்தது. ஹங்கேரி எல்லையைத் திறந்துவிட்டதும் ஆயிரக்கணக்கானோர் மேற்கே ஓடினார்கள். அதே வாரங்களில் லைப்சிக் நகரத் தெருக்களில் நாங்கள் இங்கேயேதான் இருப்போம் என்று முழங்கிக்கொண்டு பெருங்கூட்டம் திரண்டது. வெளியேற்றமும் குரலும் கைகோத்துக்கொண்டன. ஹிர்ஷ்மனே பிற்பாடு இதை ஒப்புக்கொண்டு எழுதினார். இந்த இரண்டு வழிகளும் எப்போது ஒன்றையொன்று தின்கின்றன, எப்போது ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதுதான் கேள்வி.

காஞ்சிக்கு வருவோம். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட, சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழனின் செப்பேட்டை முன்பே பார்த்திருக்கிறோம். கச்சிப்பேட்டின், அதாவது காஞ்சியின், நான்கு நெசவாளர் சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகளிடம் ஊரகத்துக் கோயில் நிர்வாகத்தை ஒப்படைத்து, அவர்களுக்கு வரிச்சலுகையும் தந்த ஏடு அது. இதை அரசனின் கலை அன்பு என்று படிப்பது வழக்கம். நான் அப்படிப் படிக்கவில்லை. உழவனுக்கும் நெசவாளனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நிலத்தை முதுகில் கட்டிக்கொண்டு போக முடியாது. தறியின் குழியை விட்டுவிட்டு அச்சையும் விழுதையும் நாடாவையும் மூட்டை கட்டினால் நெசவாளன் அடுத்த நாட்டில் ஒரு குழி வெட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். கையில் இருக்கும் வித்தைதான் அவன் சொத்து. 5ஆம் நூற்றாண்டிலேயே லாட தேசத்துப் பட்டு நெசவாளர்கள் ஒரு குழுவாகவே குஜராத்திலிருந்து மால்வாவின் தசபுரத்துக்குப் போய்ச் சூரியனுக்குக் கோயில் எடுத்திருக்கிறார்கள். மந்தசோர் கல்வெட்டு அதைப் பெருமையாகவே சொல்கிறது. விஜயநகர ஆட்சிக் காலத்தில் சௌராஷ்டிரர் தெற்கே வந்ததும், தேவாங்கரும் பத்மசாலியரும் தெலுங்கு, கன்னட நாடுகளிலிருந்து வந்து காஞ்சியில் குடியேறியதும் அதே வரிசை. தறிக்கு இறை வாங்கும் அரசனுக்கு இது நன்றாகத் தெரியும். நெசவாளனை நெருக்கினால் வரியும் சேர்ந்து நடந்துபோய்விடும். சலுகை கொடுத்த கைக்குப் பின்னால் இந்தப் பயமும் இருந்தது.

விஜயநகரக் காலத்தில் இந்தப் பயம் கல்வெட்டிலேயே வெளிப்படையாகிறது. தறிக்கடமை அதிகமானதால் நெசவுச் சாதியாரான கைக்கோளர் ஊரை விட்டுப் போனதையும், வரியைக் குறைத்து அவர்களைத் திரும்பக் குடியேற்றியதையும் சொல்லும் கல்வெட்டுகளை விஜயா ராமசாமி தம் நெசவாளர் வரலாற்று நூலில் தொகுத்துக் காட்டியிருக்கிறார். 1429இல் இரண்டாம் தேவராயர் காலத்தில் விருத்தாசலத்திலும் கொறுக்கையிலும் ஆடுதுறையிலும் வலங்கை 98, இடங்கை 98 சாதியாரும் ஒன்றாகக் கூடினார்கள். அதிகாரிகளின் கொடுமைக்கும், அவர்களோடு சேர்ந்துகொண்ட காணியாளருக்கும் எதிராக வரி இவ்வளவுதான், இன்னாருக்கு இடம் கொடுக்கக் கூடாது, இன்னாருக்குக் கணக்கு எழுதக் கூடாது என்று கல்லில் வெட்டினார்கள். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தக் கல்வெட்டுகளைத் துருவி ஆராய்ந்திருக்கிறார்கள். தம்முள் ஓயாமல் அடித்துக்கொண்ட இரண்டு அணிகள் அன்று ஒரே கல்லில் கையெழுத்திட்டன. அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1480களில், தென்னார்க்காட்டுப் பக்கத்துக் கைக்கோளர் தண்டு என்ற பல்லக்கில் ஏறவும் சங்கு ஊதவும் உரிமை கேட்டார்கள். காஞ்சிபுரத்திலும் விரிஞ்சிபுரத்திலும் எங்கள் ஆட்களுக்கு இருப்பது போல எங்களுக்கும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பெற்றும்விட்டார்கள். தூரத்து ஊரில் தம்மவருக்குக் கிடைப்பது தெரிந்திருந்தது, அங்கே போய்விடவும் முடிந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் அந்தக் கோரிக்கைக்கு எடை வந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். கல்வெட்டில் நமக்குக் கிடைப்பவை பேரம் படிந்த கதைகள் மட்டும்தானே? போய்த் திரும்பாதவர்கள், போன இடத்தில் அழிந்தவர்கள், போகவே முடியாமல் வட்டிக்குள் முழுகியவர்கள் யாருக்காகக் கல்வெட்டு வெட்டினார்கள்? நியாயமான கேள்வி. கோயில் சுவர் வெற்றிபெற்றவரின் ஏடு. கைக்கோளரிலேயே கோயிலுக்குத் தானம் கொடுக்கும் அளவுக்கு வசதியானவர்களும், ஒரே தறியை வைத்துக்கொண்டு மாரடித்தவர்களும் இருந்தார்கள். முதல் வகையினரின் உரிமைதான் கல்லில் ஏறியது. ஆனால் இதனால் என் வாதம் சாயவில்லை, எல்லை கட்டப்படுகிறது என்றே நினைக்கிறேன். எல்லோருக்கும் புறப்பாடு ஆயுதமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. சாதிச் சபையும் கோயில் நிர்வாகப் பிடியும் உள்ளவர்களுக்கு, கூட்டாக முடிவெடுக்கக்கூடியவர்களுக்கு, அது ஆயுதமாக இருந்தது. தனி ஏழைக்கு அது எப்போதும் ஓட்டம்தான்.

கும்பினியார் கோட்டை கட்டி உட்கார்ந்தபோது இந்த ஆயுதம் இன்னும் கூர்மையோடுதான் இருந்தது. 1707இல் சென்னைப் பட்டணத்தில் வலங்கை இடங்கைத் தகராறு முற்றி, வலங்கையார் கூட்டமாகக் கிளம்பிச் சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கவர்னர் தாமஸ் பிட் மிரட்டியும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டை ஒரு தரப்புக்கு, முத்தியாலுப்பேட்டை மறு தரப்புக்கு என்று தெருக்களைப் பிரித்துக் கொடுத்துத்தான் சமாதானம் ஆனது. கால் நூற்றாண்டு கழித்து, 1734இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், சுங்குராமன் தோட்டம் இருந்த இடத்தில் சிந்தாதிரிப்பேட்டையைத் தொடங்கினார். நூற்பவர், நெய்பவர், துணியில் வண்ணம் எழுதுபவர், வெளுப்பவர், அவர்களுக்காகக் கோயில் அர்ச்சகர், தாசிகள் எல்லோரையும் கூட்டிவந்து வீடு கட்ட முன்பணம் கொடுத்துக் குடியேற்றினார்கள். நெசவாளனைக் கட்டாயப்படுத்த முடியாத அரசு அவனுக்குத் தெருவும் கோயிலும் கட்டிக் கொடுத்து அழைக்கிறது! உத்தம சோழனின் செப்பேட்டுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் எழுநூற்றைம்பது ஆண்டு இடைவெளி, ஆனால் தர்க்கம் ஒன்றுதான். பிரசன்னன் பார்த்தசாரதி 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி எழுதிய நூலில் இதை விரிவாக நிறுவியிருக்கிறார். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை நெசவாளனுக்கு இருந்தது. நெருக்கடி வந்தால் அதைக்கூடத் திருப்பாமல் அடுத்த பாளையக்காரன் சீமைக்குப் போய்விடுவான். அங்கே அவனைப் பிடித்துக் கொடுக்க எந்த அரசனும் தயாராக இல்லை. அவனுக்கும் தறி வேண்டுமே.

1780ஐ இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? அந்த ஆண்டு ஜூலையில் மைசூர் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. கர்னல் பெய்லியின் படை வந்து சேரும் என்று கும்பினித் தளபதி ஹெக்டர் மன்ரோ காஞ்சிபுரத்தில் காத்திருந்தபோது, சில மைல் தூரத்தில் புள்ளலூரில், செப்டம்பர் 10 அன்று, பெய்லியின் படை அழிந்தது, அவரும் சிறைப்பட்டார். மன்ரோ தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கினார். சீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போரைப் பெரிய ஓவியமாகத் தீட்டிவைத்தார்கள். அந்த ஓவியத்தில் எரிந்த கிராமங்கள் இல்லை. ஊர்களும் பயிரும் எரிய, சனம் சென்னைக்கு ஓடியது. பட்டணத்தில் பஞ்சம் பிடித்து, 1782 வாக்கில் கஞ்சி ஊற்றுவதற்காக ஒரு சத்திரம் வைத்தார்கள். கஞ்சித்தொட்டி என்று சனம் அழைத்த அந்த இடம்தான் பிற்காலத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. இது அரசியல் புறப்பாடு அல்ல, உயிர் பயம். என் வாதத்துக்குள் இதை வலிந்து திணிக்க மாட்டேன். ஆனாலும் படை போன பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1763இலேயே ஆற்காட்டு நவாபு கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்திருந்த செங்கல்பட்டுச் சீமை ஆளில்லாமல் கிடந்தது. ஓடியவர்களைத் திரும்பக் கொண்டுவருவது கும்பினி அதிகாரிகளுக்குப் பெரிய வேலையாயிற்று. பயத்தில் ஓடியவர்களும் திரும்பும்போது பேரம் பேசினார்கள். ஓட்டம் அரசியலாக இல்லாவிட்டாலும் திரும்புதல் அரசியலாயிற்று.

கதவு மூடியது அதன் பிறகுதான், அதுவும் வேகமாக. 1770களிலிருந்தே கும்பினி இடையில் இருந்த வணிகர்களை ஒதுக்கிவிட்டுத் தன் ஆட்களை நேரே நெசவாளர் வீட்டு வாசலில் நிறுத்தத் தொடங்கியிருந்தது. கும்பினிக் கடன் தீராமல் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது, சேவகன் வந்து தறியைப் பார்ப்பான் என்ற நிலை. கடலூர்ப் பக்கத்து நெசவாளர்கள் அந்தப் பத்தாண்டின் இறுதியில் பழைய முறைப்படி ஊரை விட்டு வெளியேறி எதிர்த்தார்கள். ஆனால் போவதற்கு இடம் சுருங்கிக்கொண்டு வந்தது. 1790களின் நடுவில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸோடு மோதிய பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்களும் கிராமங்களைக் காலி செய்துகொண்டு எல்லைக்கு அப்பால் போய் உட்கார்ந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னாலாக இருந்தால் யாராவது தூது போயிருப்பார்கள். பிளேஸ் அவர்களுடைய மிராசையே பறித்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தார். 1799இல் மைசூர் விழுந்தது, தஞ்சாவூர் கைமாறியது; 1801இல் நவாபின் கர்நாடகமும் கும்பினி வசம் ஆயிற்று. காஞ்சியிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் ஒரே சர்க்கார். புதுச்சேரி ஒன்றுதான் மிச்சம், அதுவும் 1816 வரை இங்கிலீஷ்காரன் கையில். தறிகாரனை வரவேற்க அடுத்த ராஜா இல்லாமல் போனதும், பல நூற்றாண்டுப் பேர சக்தி ஒரு தலைமுறைக்குள் கரைந்தது. நெசவாளனின் வீழ்ச்சிக்கு மான்செஸ்டர் துணியை மட்டும் காரணம் காட்டும் நம் பள்ளிக்கூடப் பாடம் இந்த முந்திய தோல்வியைச் சொல்வதே இல்லை. ஆலைத் துணி குவிவதற்கு முன்பே நெசவாளன் கூலி பேசும் பலத்தை இழந்திருந்தான்.

இங்கே இரண்டாவது மறுப்பு, இது இன்னும் கடினம். வெளியேற வழியில்லை என்றால் குரல் எழ வேண்டும் அல்லவா? 19ஆம் நூற்றாண்டுக் காஞ்சியில் பெரிய கலகம் எங்கே? கேள்வி சரி. குரல் முழுக்க இல்லாமலும் இல்லை. தறிக்கும் தொழிலுக்கும் விதித்த மொதர்பா வரியை எதிர்த்து மனுக்கள் போய்க்கொண்டே இருந்தன. 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று நடத்திய சென்னைவாசிகள் சங்கம் லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் அந்த வரியும் ஒரு குறையாக இடம்பெற்றது. சில ஆண்டுகளில் அது ஒழிந்தது. காலால் பேசியவர்கள் காகிதத்தில் பேசக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அது பட்டணத்துப் பெரியவர்களின் குரல், பிள்ளையார்பாளையத்துக் கூலி நெசவாளன் குரல் அல்ல. அவன் வாயைக் கட்டியவை இரண்டு. ஒன்று, வலங்கை இடங்கை என்றும் வடகலை தென்கலை என்றும் ஊர்வலப் பாதைக்காக நடந்த வழக்குகள். ஊரின் கோபம் அரசை நோக்கித் திரும்பாமல் பக்கத்துத் தெருவை நோக்கியே திரும்பிக்கொண்டிருந்தது. மற்றது முன்பணம். பருத்தி நெய்தவன் சந்தையில் நூல் வாங்கித் தானே நெய்து தானே விற்கவும் முடியும். காஞ்சி மெல்லப் பட்டுக்கு மாறியபோது, பாவுக்கும் ஊடைக்கும் பட்டு, சூரத்திலிருந்து ஜரிகை என்று தறியில் ஏறும் சரக்கே நெசவாளனின் ஓர் ஆண்டு வருமானத்தை விழுங்கிவிடும் விலைக்குப் போயிற்று. சரக்கு முதலாளியுடையது, கடனும் அவரிடம். கோர்வைச் சேலைக்கு மூன்றாவது நாடாவைத் தள்ள ஒரு கையாள் வேண்டும். வீட்டுப் பிள்ளையே கையாளாகக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பட்டு காஞ்சியைப் பிழைக்கவைத்தது என்பது உண்மை. பருத்தி நெய்த பல ஊர்கள் அழிந்தபோது காஞ்சி நின்றது. அதே பட்டுதான் நெசவாளன் காலையும் கட்டியது.

இந்த வெளிச்சத்தில் அரபு நாடுகளைப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன. துனிசியாவில் 2004இல் அனுமதியின்றிப் படகேறுவதையே குற்றமாக்கிச் சட்டம் போட்டார்கள். இத்தாலியோடு உடன்பாடு செய்துகொண்டு அதிபர் பென் அலியின் போலீஸ் கடற்கரையைக் காத்தது. 2008இல் காஃப்ஸா பாஸ்பேட் சுரங்க வட்டாரத்தில், வேலைக்கு ஆள் எடுத்த பட்டியலில் மோசடி என்று கிளர்ச்சி மாதக்கணக்கில் நடந்தது. 2010 டிசம்பர் 17இல் சீதி பூசித் ஊரில் தள்ளுவண்டி வியாபாரி முகம்மது பூஅசிசி தீக்குளித்தார், 2011 ஜனவரி 14இல் பென் அலி நாட்டை விட்டே ஓடினார். வெளியேறும் வழி அடைபட்டதும் குரல் வெடித்தது என்று சொல்ல இது தோதான சாட்சி. ஆனால் ஆட்சி கவிழ்ந்து காவல் தளர்ந்த சில மாதங்களுக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துனிசிய இளைஞர்கள் லாம்பெடுசா தீவில் போய் இறங்கினார்கள். விடுதலை கிடைத்த கையோடு ஏன் போகிறார்கள் என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் திகைத்தன. இதில் திகைக்க ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேலையும் வேண்டியிருந்தது, கௌரவமும் வேண்டியிருந்தது. எது திறந்திருந்ததோ அந்த வழியில் போனார்கள். திரும்பி வருதலுக்கும் ஒரு சாட்சி உண்டு. 1990இல் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்தபோது ஏமன் எடுத்த நிலைப்பாட்டில் கோபம்கொண்ட சவூதி அரேபியா சலுகைகளை ரத்துசெய்ய, ஏறத்தாழ எட்டு லட்சம் ஏமன் தொழிலாளர்கள் மூட்டைமுடிச்சோடு திரும்பினார்கள். ஹொதெய்தா ஓரங்களில் குடிசை நகரங்கள் முளைத்தன. நான்கே ஆண்டில், 1994இல், அங்கே உள்நாட்டுப் போர். இதை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பியவர்களால்தான் போர் வந்தது என்று முடிவு கட்டக் கூடாது. அதே சமயத்தில் குவைத்திலிருந்து சுமார் மூன்று லட்சம் பேர் ஜோர்டானுக்கும் வந்தார்கள். அங்கே போர் வரவில்லை, அம்மானில் வீடு கட்டும் தொழில் செழித்தது. ஜோர்டானுக்கு வந்தவர்களில் பலர் குடும்பத்தோடும் சேமிப்போடும் வந்தார்கள். ஏமனுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கூலிகள், அதுவும் வடக்கும் தெற்கும் அந்த ஆண்டுதான் ஒன்றாகி இன்னும் ஒட்டாத நாட்டுக்கு. புலம்பெயர்வு தானாகக் கலகத்தை உண்டாக்குவதில்லை, அணைப்பதும் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் பிள்ளையார்பாளையத்துக் கணக்கில் ஒரு புதிய எண் சேர்ந்தது. பழைய அரசன் தறியை எண்ணினான். 1952க்குப் பிறகு வந்த அரசு வாக்கை எண்ண வேண்டியிருந்தது. நூல் தட்டுப்பாடும் தேங்கிய துணியுமாக 1952-53இல் கைத்தறி மாவட்டங்கள் பட்ட பாட்டில், குடும்பங்கள் ஊரை விட்டு ஊர் போய்ப் பிச்சை எடுக்கும் நிலை வந்தது. கஞ்சித்தொட்டிகள் மறுபடியும் முளைத்தன. பழைய காலமாக இருந்தால் அந்த ஓட்டமே பேரமாகியிருக்கும், இப்போது அது வெறும் பட்டினி ஊர்வலம். அரசியலாக்கியவர்கள் அங்கேயே நின்றவர்கள். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று முதலமைச்சர் ராஜாஜி டெல்லியோடு மல்லுக்கட்டினார். காஞ்சிபுரத்துச் செங்குந்தர், அதாவது கைக்கோளர், குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணாதுரை, தம் கட்சிக்காரர்களோடு தோளில் கைத்தறித் துணியைச் சுமந்து தெருத் தெருவாக விற்றார். 1953இல் ஆலைத் துணிக்குக் கஜத்துக்கு மூன்று பை வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் திருப்பும் சட்டம் வந்தது. 1957இல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது அண்ணா காஞ்சிபுரத்திலிருந்துதான் சட்டமன்றத்துக்குப் போனார். கூட்டுறவுச் சங்கங்களின் விரிவாக்கம், தள்ளுபடி விற்பனை என்று பின்னால் வந்தவை எல்லாம் அந்த வாக்கின் விலை. ஊரை விட்டுப் போனால் வாக்குப் போய்விடும். ஆகவே இப்போது இருப்பதுதான் ஆயுதம். இந்தத் தலைகீழ் மாற்றத்தை நம் அரசியல் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் குறை.

கடைசிப் புறப்பாடு நம் கண் முன்னால் நடந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014இல் மூடிக்கொண்டும் போனது. ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று தொழிற்சாலை பஸ்கள் விடிகாலையில் காஞ்சித் தெருக்களுக்கு வரத் தொடங்கியபோது, பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். சபை கூடவில்லை, யாரும் நிபந்தனை வைக்கவில்லை, எந்த ஆட்சியும் பதறவில்லை. பல வீடுகளில் குழியை மூடிச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். விசில் கட்சிக்காரர்கள் இதைத் தங்கள் வெற்றி என்பார்கள்: பார், கூலி உயர்வுப் போராட்டமே இல்லாமல் ஒரு தொழில் கரைந்துவிட்டது. அவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். தனித்தனியாகப் போனவர்கள் போன இடத்தில் கூட்டமாகிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் சக தொழிலாளிகள் நோயுற்றபோது, பாக்ஸ்கான் ஆலையின் பெண்கள், பெரும்பாலும் வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்தைத் தாண்டி ஓடியது. முக்கியக் கோரிக்கை கூலிகூட அல்ல, சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது. கூட்டாகப் பேச ஓர் அமைப்பு வேண்டும் என்ற அந்தக் கோரிக்கையை 1429இன் விருத்தாசலம் புரிந்துகொண்டிருக்கும். வழக்குக்குப் பிறகு 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. அதே ஆலை வட்டாரத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒப்பந்தக் கூலிக்கு நிற்பவர்களுக்கோ இங்கே வாக்கும் இல்லை, சங்கமும் பெரும்பாலும் இல்லை. அவர்கள் வெளியேறினால் மறுநாள் வேறொரு ரயிலில் வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள். வளைகுடா நாடுகளின் கூலி முகாம்களில் நம்மவர் இருக்கும் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

பட்டசாலிகளின் உரிமைக்குச் செப்பேடு இருக்கிறது. கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒவ்வொருவராகப் போனவர்களுக்கு இருக்கும் ஒரே ஏடு முன்பணக் கணக்கு நோட்டுதான். எந்த ஆண்டு எவ்வளவு வாங்கினார், எப்போது தீர்த்தார், தறியை எப்போது நிறுத்தினார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்த நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இதைப் படிக்கும் முதலாளி வீட்டாரிடமும் நெசவாளர் வீட்டாரிடமும் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள்: எடைக்குப் போடாதீர்கள். பெயர்களை மறைத்துக்கொண்டாவது சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தில் ஒப்படையுங்கள், அல்லது ஒரு படி எடுக்கவாவது அனுமதியுங்கள். அடுத்த பகுதியில் 1942இன் உண்மை அறியும் குழு தென்னாட்டுத் தறிகளை எப்படி எண்ணியது என்று பார்ப்போம்.